தட்டில் இருப்பதும் உடலில் சேர்வதும்

உணவு அறிவியலும் ஊட்டச்சத்தும் என்ற பெயரில் நம் பல்கலைக்கழகங்களில் நடக்கும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒன்று, அது சமையல் படிப்பு; வீட்டில் அம்மாவிடம் கற்றுக்கொள்ளக்கூடியதற்கு இளநிலைப் பட்டமும் வாங்கி, அதற்கு மேலும் இரண்டு வருடம் எதற்கு என்பது. மற்றொன்று, மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிக்கு 'காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம்' என்று சீட்டு எழுதித் தரும் வேலைக்கான பயிற்சி அது என்பது. இரண்டும் படிப்பின் ஓரத்தைத்தான் தொடுகின்றன. ஒரு சத்து உணவில் இருக்கிறது என்பது ஒரு செய்தி; அது உண்டவர் உடலில் சேர்ந்தது என்பது வேறு செய்தி. நடுவில் ஆலை இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, உலை இருக்கிறது, வடிதட்டு இருக்கிறது, கடைசியில் குடல் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று குறைகிறது, சில இடங்களில் கூடுகிறது. இந்த இடைவெளியை அளப்பதும் குறைப்பதும்தான் இந்தப் படிப்பின் உயிர். ரேஷன் அரிசியும் பள்ளிச் சத்துணவும் அரசின் பொறுப்பாகிவிட்ட தமிழ்நாட்டில், இதை ஓரத்துப் படிப்பாக வைத்திருப்பது நமக்குத்தான் நட்டம்.

இந்தத் துறை இந்தியாவில் வேர் பிடித்த கதையே இதற்கு முதல் சான்று. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. பெரிபெரி வந்தால் கால் வீங்கும், அல்லது மரத்துப்போகும், இதயம் தளரும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். தயமின் எனப்படும் பி1 வைட்டமின் பற்றாக்குறையால் வருவது இது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்கவில்லை. வட சர்க்கார் என்று அப்போது சொல்லப்பட்ட கடலோர ஆந்திர மாவட்டங்களில் அது நிலைகொண்டிருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களில் மக்கள் அரிசியையே நம்பி வாழ்ந்தும் அது அபூர்வம். வறுமை இரண்டு பக்கமும் இருந்தது. வித்தியாசம் அரிசியில் இருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயப்போட்டு, பிறகு குத்துவதுதான் புழுங்கல். தயமின் பெரும்பாலும் நெல்மணியின் வெளி அடுக்குகளிலும் முளைப்பகுதியிலும் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். ஊறும்போதும் வேகும்போதும் தண்ணீரோடு சேர்ந்து அது மணியின் உட்புறத்துக்கு நகர்கிறது. வெந்த மாவுச்சத்து கூழாகி, காயும்போது இறுகி, உள்ளே வந்த வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு ஆலை தவிட்டை நீக்கினாலும் சத்தின் கணிசமான பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. பச்சரிசியில் இந்த நகர்வு நடக்கவே இல்லை. தவிட்டோடு பெரும்பகுதி போகிறது. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது அரிசி களையும்போது கழனித்தண்ணீரில் போகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு வடித்த கஞ்சியில் போகிறது. 1935 முதல் குன்னூர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்த வாலஸ் அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் இதையெல்லாம் அளந்து பார்த்தார்கள். தீட்டிய பச்சரிசியைக் களையும்போது இழக்கும் அளவுக்குப் புழுங்கலரிசி தயமினை இழப்பதில்லை என்று காட்டினார்கள். இத்தனைக்கும் புழுக்கும் வழக்கத்தை உண்டாக்கியவர்கள் வைட்டமினை நினைத்து அதைச் செய்யவில்லை. குத்தும்போது அரிசி நொறுங்காது, நாள்பட இருக்கும் என்பதுதான் அவர்கள் கண்ட பயன்.

இந்தப் புதிரை யார் அவிழ்த்திருக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். வீங்கிய காலைப் பார்த்த மருத்துவருக்கு நெல் ஆலைக்குள் நடப்பது தெரியாது. ஆலைப் பொறியாளருக்கு நொய் எத்தனை சதவீதம் என்பது முக்கியம். அரிசி தின்றவர் காலைப் பற்றி அவர் யோசிக்க வேண்டியதில்லை. உணவுக்குள் நிகழும் மாற்றமும் உடலுக்குள் நிகழும் மாற்றமும் ஒரே தலைக்குள் சந்தித்தால்தான் விடை கிடைக்கும். ஒரு நல்ல முதுநிலைப் பாடத்திட்டத்தில் உணவு வேதியியலும் நுண்ணுயிரியலும் உடலியக்க உயிர்வேதியியலும் மருத்துவ ஊட்டச்சத்தும் புள்ளியியலும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். நடைமுறையில் இவை பிரிந்து கிடக்கின்றன என்பது என் வருத்தம். பதப்படுத்தும் தொழில்நுட்பம் ஒரு நிறுவனத்தில், நோயாளி உணவு இன்னொரு கல்லூரியில். ஒரு பக்கத்தார் இயந்திரத்தைப் படிக்கிறார்கள், மறு பக்கத்தார் நோயைப் படிக்கிறார்கள். நடுவில் இருக்கும் சோற்றுப் பானைக்கு ஆள் இல்லை.

ஆய்வகத்தில் மாணவர்கள் முதலில் கற்கும் சோதனைகளில் ஒன்றை அருகில் போய்ப் பார்க்கலாம். ஓர் உணவில் புரதம் எவ்வளவு என்று அறிய கெல்டால் முறை என்று ஒன்று உண்டு. அரைத்த மாதிரியில் ஒரு கிராம் அளவை நீண்ட கழுத்துள்ள குடுவையில் போட்டு, அடர் கந்தக அமிலம் ஊற்றிச் சூடாக்குகிறார்கள். உள்ளே இருப்பது கரிந்து கறுப்பாகிறது. மணிக்கணக்கில் கொதித்த பிறகு கறுப்பு மெல்ல விலகித் திரவம் தெளிகிறது. அதில் காரம் சேர்த்தால் அம்மோனியா ஆவியாக வெளியேறும். அதைப் போரிக் அமிலத்தில் பிடித்து, எவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு அளக்கிறார்கள். கிடைப்பது நைட்ரஜனின் அளவு. அதைப் பொதுவாக 6.25ஆல், அரிசிக்கு 5.95ஆல் பெருக்கினால் புரதம் என்று எழுதிக்கொள்ளலாம். அதாவது நேரடியாக அளக்கப்படுவது புரதம் இல்லை; புரதம் நைட்ரஜனிலிருந்து ஊகிக்கப்படுகிறது. இந்த நுணுக்கம் தேர்வுக்கு மட்டும் உதவுவது என்று நினைப்பவர்களுக்கு 2008இல் சீனாவில் நடந்தது பதில் சொல்லும். தண்ணீர் கலந்த பாலில் புரத அளவு குறையாமல் காட்ட, நைட்ரஜன் செறிந்த மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்தார்கள். சோதனையில் பால் தேறியது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சிறுநீரகம் கெட்டு 6 குழந்தைகள் இறந்தார்கள். ஓர் எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்கும் பழக்கத்தைக் கற்றுத் தருவதே முதுநிலைக் கல்வியின் வேலை. இளநிலையில் அட்டவணையை வாசிக்கக் கற்கிறோம். முதுநிலையில் அட்டவணை எப்படிப் பிறந்தது என்று விசாரிக்கக் கற்க வேண்டும். 2017இல் ஐதராபாத் நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. அருமையான நூல் அது. ஆனால் அதில் இருப்பது உணவின் கணக்கு. உண்பவரின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உண்பவரின் கணக்கை எடுப்பது ஆய்வகத்தை விடக் கடினம். நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் முறை ஒன்று உண்டு. மாணவி கையில் அளவு தெரிந்த கிண்ணங்களும் கரண்டிகளும் இருக்கும். சாம்பார் இந்தக் கரண்டியால் எத்தனை, குழியாகவா தட்டையாகவா, பருப்பு அடியில் இருந்து எடுத்ததா மேலாக எடுத்ததா? எண்ணெய் மாதத்துக்கு எத்தனை லிட்டர், அதை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள்? எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்ட அம்மாவுக்குத் தான் சாப்பிட்டது எவ்வளவு என்று பெரும்பாலும் சொல்லத் தெரியாது. குழந்தை தட்டில் மீதி வைத்தது யார் வயிற்றுக்குப் போனது? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் வாங்கும் திறமை புத்தகத்தில் வராது. இது சரியாக வராவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் கணினி எந்தப் புள்ளியியலைப் போட்டாலும் பயனில்லை.

இப்போது இரும்புச்சத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்தத் துறை மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் அதுதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத் துளியில் அளந்த எண்கள் இவை. சிரையிலிருந்து எடுத்தால் விகிதம் குறையும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. எப்படிக் குறைத்துக் கணக்கிட்டாலும் பிரச்சினை பெரியது. பொதுவாகத் தரப்படும் அறிவுரை, கீரை சாப்பிடுங்கள், கேழ்வரகு சாப்பிடுங்கள் என்பது. தவறில்லை, ஆனால் பாதிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் திருத்திய பரிந்துரையில் வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது. உடல் உண்மையில் கேட்பது அதில் சிறு பங்குதான். நம் உணவிலிருந்து 8 சதவீதம் அளவே குடல் உறிஞ்சும் என்ற கணக்கில்தான் 29 என்ற எண் வந்தது. மீதியைத் தடுப்பவை தானியங்களிலும் பருப்பிலும் உள்ள பைட்டேட், தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிபீனால்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். வைட்டமின் சி உள்ள ஏதாவது உடன் இருந்தால் நிலைமை நேர் எதிர். கொய்யாப்பழத்தை உணவோடு சேர்த்துத் தந்தபோது உறிஞ்சுதல் ஏறக்குறைய இரு மடங்கானதை ஐதராபாத் நிறுவனத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. தானியத்தை முளைகட்டினால் பைட்டேட் குறைகிறது. மாவு புளித்தாலும் குறைகிறது. எலுமிச்சையை அடுப்பில் கொதிக்க விட்டால் வைட்டமின் சி அழிகிறது, இறக்கிய பின் பிழிந்தால் தங்குகிறது. ஒரே கீரை, ஒரே அரிசி, ஒரே செலவு. பக்கத்தில் எது இருந்தது, எப்போது எது குடிக்கப்பட்டது என்பதில் பலன் மாறிவிடுகிறது.

சத்தை உணவில் சேர்த்துக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீராதா என்று அரசுகள் கேட்டன. முதலில் உப்பு. அயோடின் கலந்த உப்பிலேயே இரும்பையும் சேர்க்கலாம் என்பது எளிமையான யோசனை. செய்து பார்த்தால் இரும்பும் அயோடினும் ஒன்றையொன்று கெடுக்கின்றன; அயோடின் பறந்துபோகிறது, உப்பு நிறம் மாறுகிறது. ஐதராபாத் நிறுவனம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் என்ற நிலைப்படுத்தியைச் சேர்த்து ஒரு வழி கண்டது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரும்புத் துகளின் மேல் உறை போர்த்தி இன்னொரு வழி கண்டார்கள். தமிழ்நாடு உப்புக் கழகம் இப்படி இரட்டைச் செறிவூட்டிய உப்பைத் தயாரிக்கிறது. அடுத்தது அரிசி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் குழைத்து, இயந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவில் மணிகளாக வெட்டி, 100 மணிக்கு ஒன்று என்று சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. அரசுத் திட்டங்களில் தரப்படும் அரிசி முழுவதையும் இப்படிச் செறிவூட்டப்போவதாக 2021 சுதந்திர தினத்தன்று மத்திய அரசு அறிவித்தது. அரிசி வீட்டுக்கு வந்ததும் என்ன ஆயிற்று? நிறம் சற்று மாறிய, தண்ணீரில் மிதக்கிற மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து முறத்தில் பொறுக்கி எறிந்தார்கள். எறிந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. மிதக்காத மணி செய்வது உணவு அறிவியலின் பொறுப்பு. தலசீமியா என்ற இரத்த நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்பு தீங்காகுமா என்று தீர்மானிப்பது ஊட்டச்சத்தின் பொறுப்பு. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, இப்படிப்பட்ட அரிசியால் இரத்தசோகை குறைவதில் வித்தியாசம் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்றது. பல கோடிப் பேருக்குப் போகும் ஒரு திட்டத்தில் இந்தக் கேள்விகளை எழுப்பவும், அளந்து பதில் சொல்லவும், மாவட்டந்தோறும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டாமா?

இந்த இடத்தில் வரும் வலுவான மறுப்பு, நம் பாட்டிமார்கள் பட்டம் வாங்கியா சமைத்தார்கள் என்பது. புழுங்கலரிசியும் இட்லியும் முளைகட்டிய கேழ்வரகும் அவர்கள் தந்தவைதாம். அந்த அறிவை மதிக்காத பாடத்திட்டம் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் மரபு எல்லாவற்றையும் சரியாகக் கண்டதில்லை. மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வறட்சியைத் தாங்கி வளரும் கேசரிப் பருப்பைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தார்கள். அதையே பிரதான உணவாக மாதக்கணக்கில் உண்டவர்களுக்குக் கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போயிற்று. அதில் உள்ள நரம்பு நச்சு நீரில் கரையும் என்று கண்டு, பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி நீங்கும் என்று காட்டியது ஆய்வகம். 1961இல் அதன் விற்பனைக்குத் தடையும் வந்தது. அரிசி வடித்த நீரைக் கொட்டினால் நட்டம். கேசரி ஊறிய நீரைக் கொட்டினால் லாபம். எது எப்போது என்பதை மரபு சில இடங்களில் பட்டுத் தெரிந்துகொண்டது, சில இடங்களில் தெரிந்துகொள்ளவே இல்லை. மேலும், பாட்டியின் அறிவு பாட்டியின் உரலுக்கும் உழைப்புக்கும் ஏற்றது. உரலில் குத்தி, வயலில் நாள் முழுக்க உழைத்து, பசித்துச் சாப்பிட்ட சோறு வேறு. வெள்ளையாகத் தீட்டிய அரிசியை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர் மூன்று வேளை உண்பது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023இல் வெளியான இண்டியாப் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது.

அடுத்த மறுப்பு இதைவிட ஆழமானது. ஊட்டச்சத்துக் குறைவுக்குக் காரணம் வறுமை; கையில் காசு கொடுங்கள், அறிவியல் எதற்கு? இந்த வாதத்தைச் சான்றோடு நிறுவியவர்களில் முக்கியமானவர் ஓர் ஊட்டச்சத்து அறிஞர்தான். சேலத்தில் 1918இல் பிறந்து, ஐதராபாத் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்திய சி. கோபாலன். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஏழை நாட்டுக் குழந்தைகளின் மெலிவுக்குக் காரணம் புரதப் பற்றாக்குறை என்று உலக அமைப்புகள் நம்பின. புரத மாவு, புரத பிஸ்கட் என்று திட்டங்கள் பெருகின. கோபாலனும் சகாக்களும் கிராமத்துக் குழந்தைகளின் உணவை அளந்து பார்த்தார்கள். அரிசியும் பருப்புமான வழக்கமான உணவையே வயிறு நிறையத் தந்தால் புரதத் தேவையும் பெருமளவு நிறைவேறிவிடுகிறது, குறைவது சோறே என்று வாதிட்டார்கள். 1974இல் லான்செட் இதழில் டொனால்ட் மெக்லாரன் எழுதிய கட்டுரை, அந்தப் புரத யுகத்தையே பெரும் தவறு என்று தீர்ப்புக் கூறியது. அந்தப் புரத யுகத்தின்போதே உணவு அறிவியல் பக்கமிருந்தும் ஒரு எச்சரிக்கை வந்தது. மைசூரில் 1950இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவையும் கடலைப் பருப்பு மாவையும் கலந்து மலிவான சத்துணவு ஒன்றைத் தயாரித்திருந்தது. 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தபோது அஃப்ளாடாக்சின் என்ற நச்சு தெரியவந்தது. கடலையைக் காயவைப்பதும் ஈரமில்லாமல் சேமிப்பதும் குழந்தையின் கல்லீரல் சம்பந்தப்பட்ட விஷயமானது. காசு கொடுத்தாலும் கடலையில் பூஞ்சை இருந்தால் என்ன செய்வது? வறுமை ஒழிப்பும் இந்த அறிவியலும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

இந்த விஞ்ஞானிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நேற்று முட்டை கெடுதல் என்றார்கள் இன்று நல்லது என்கிறார்கள் என்ற குறையும் உண்டு. அமெரிக்க உணவு வழிகாட்டி 2015இல் கொலஸ்ட்ராலுக்கான 300 மில்லிகிராம் வரம்பைக் கைவிட்டது உண்மைதான். புதிய சான்று வந்தால் பழைய முடிவை மாற்றுவது அறிவியலின் கடமை. மாறாத முடிவோடு பேசுபவர்கள் கைபேசிக் காணொளிகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் யார் சொல்வது சரி என்று பிரித்துப் பார்க்கக்கூடியவர்கள் போதவில்லை.

மருத்துவர்களே உணவைப் பற்றியும் சொல்லிவிட மாட்டார்களா என்றால், ஒரு சிறுநீரக நோயாளியின் சமையலறையைப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் குறைவாகச் சாப்பிடச் சொல்லி மருத்துவர் எழுதுகிறார். அதை நிறைவேற்றுவது எப்படி? காய்களைத் தோல் சீவிச் சிறியதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, நீரை வடித்துவிட வேண்டும். இளநீரும் சூப்பும் கூடாது. வடித்தால் சத்து போய்விடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம்; இந்த ஒரு வீட்டில் சத்து போவதே மருந்து. அந்த வீட்டின் மற்றவர்களும் அதே அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டும் என்பதால், எந்தக் கட்டத்தில் நோயாளியின் பங்கைப் பிரிப்பது என்றும் சொல்லித் தர வேண்டும். இரண்டு நிமிட ஆலோசனையில் இது முடியாது. 2021இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஊட்டச்சத்து வல்லுநர்களைத் தனி வகையாகச் சேர்த்தது. உணவு, ஊட்டச்சத்துப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. ஊரை விட்டுப் போக முடியாத பெண்கள் பலருக்கு அதனால் கதவடைத்தது என்பது வேதனைதான். அவர்களுக்கு மாற்று வழி செய்ய வேண்டும். ஆனாலும் குடுவையும் கிண்ணமும் நோயாளியும் இல்லாமல் அஞ்சலில் கற்கக்கூடிய பாடம் இதுவல்ல என்ற அடிப்படை சரியே.

குறை வெளியில் மட்டும் இல்லை. இந்தத் துறை மனையியலின் மடியில் வளர்ந்தது. கோவையில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும், அமெரிக்காவின் ஓஹையோவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி அதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸும் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு முகவரியே இருந்திருக்காது. பள்ளி உணவுத் திட்டத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்களில் அவர் முன்னோடி. ஆனால் பெண்களுக்கான படிப்பு என்ற முத்திரை விழுந்ததும், ஆய்வகத்துக்கான பணமும் சமூக மதிப்பும் குறைவாகவே வந்தன. ஆண்கள் எட்டிப் பார்க்கவில்லை. அதன் விளைவை ஆய்வேடுகளில் பார்க்கலாம். ஏதோ ஒரு சிறுதானிய மாவையோ கீரைப் பொடியையோ கலந்து பிஸ்கட் செய்து, வகுப்புத் தோழிகளிடம் கொடுத்து, நிறம், மணம், சுவைக்கு ஒன்பதுக்கு எத்தனை மதிப்பெண் என்று வாங்கி முடிந்துபோகும் ஆய்வுகள் ஏராளம். பயிற்சிக்கு அது நல்லது. ஆனால் அந்த பிஸ்கட்டில் உள்ள இரும்பு எந்தக் குழந்தையின் இரத்தத்தையாவது எட்டியதா என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. நிறுவனங்களுக்குக் குறைவில்லை. மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. திருவாரூர் அரிசி ஆலையில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கித் தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக வளர்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கோவை இருக்கிறது, பக்கத்தில் மைசூர் இருக்கிறது. தஞ்சாவூர் மாணவர் செய்த அரிசி மணி கோவை மாணவியின் கள ஆய்வுக்கு வர வேண்டும். அவள் கண்ட குறை திரும்பத் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். இரு நிறுவனங்கள் கூட்டாக ஓர் ஆய்வேட்டை வழிநடத்த எந்த விதி தடுக்கிறது என்று பார்த்து அதை மாற்றுவது பெரிய செலவில்லாத சீர்திருத்தம்.

களம் நம் கண் முன்னால் இருக்கிறது. 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். மாநிலத்தில் இன்று 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சத்துணவு மையங்கள் இயங்குகின்றன. இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் எவருடைய பிஸ்கட்டையும் விட முக்கியமானவை. காலை 11 மணிக்கு இறக்கிய சாம்பார் 12.30 மணிக்குப் பரிமாறப்படும்போது அதன் சூடு எவ்வளவு, அதில் கிருமி வளர இடமிருக்கிறதா? இரட்டைச் செறிவூட்டிய உப்பைக் கொதியின் தொடக்கத்தில் போடுவதற்கும் இறக்கும்போது போடுவதற்கும் அயோடின் எவ்வளவு மாறுகிறது? கீரை போட்ட நாளில் தட்டில் மிச்சம் வைக்கும் குழந்தைகள் எத்தனை பேர், ஏன்? முட்டையோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ வைத்தால் ஆறு மாதத்தில் இரத்தத்தில் தெரியுமா? இவற்றில் பலவற்றுக்கு ஒரு வெப்பமானியும் தராசும் கல்லூரியில் ஏற்கெனவே உள்ள கருவிகளும் போதும். சமூக நலத் துறை மாவட்டத்துக்குச் சில சமையற்கூடங்களை முதுநிலை மாணவர்களுக்குத் திறந்துவிடட்டும். பெற்றோர் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்று, ஒரே கேள்வியை ஐந்தாறு கல்லூரிகள் ஒரே முறையில் அளக்கட்டும். முடிவு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் உறங்காமல், சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலருக்கும் தமிழில் ஒரு பக்கத் தாளாகப் போய்ச் சேரட்டும். சமையலர் அதைப் படித்துவிட்டு, எங்கள் அடுப்பில் இது நடக்காது என்று சொன்னால் அந்தப் பதிலும் அடுத்த ஆண்டு மாணவரின் ஆய்வுக்கு முதல் கேள்வியாகட்டும்.